அக்கா பாடியவை, பிறர் பெயரில்

அக்காவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி உறவினர்கள் கேட்டார்கள். அவரின் ஒரே தங்கை நான். நல்லதையே எழுதுகிறேன். ஆனால் செத்தவீட்டில் பேசியவர்கள் சொல்லாமல் விட்டதையும் எழுதாமல் இந்த நினைவு மலரை உங்கள் கையில் தர எனக்கு மனமில்லை.

அக்கா தென்மராட்சியில் பிறந்தார். இரணைமடுக் குளத்தின் கீழ் ஐயாவுக்குக் காணி கிடைத்தபோது நாங்கள் கிளிநொச்சிக்கு வந்தோம். வயலில் களை பிடுங்கிக்கொண்டே அக்கா பாட்டுக் கட்டுவார். கடைத்தெருவில் புத்தகக் கடையும், காலால் மிதிக்கும் அச்சு இயந்திரமும் வைத்திருந்த அத்தானைக் கைப்பிடித்த பின் அச்செழுத்துக் கோக்கவும் பழகினார். சில வருடங்களில் அத்தான் காய்ச்சலில் போய்விட்டார். இயந்திரத்தை விற்கச் சொல்லி வந்தவர்கள் பலர். "நான் இருக்கிறன். கடை திறந்திருக்கும்," என்றார் அக்கா.

அதன்பின், இறந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுக்கும் நினைவு மலர்கள் பல அக்காவிடமே அச்சாயின. அவற்றில் வரும் இரங்கற் பாக்களையும் அவரே பாடினார். இறந்தவரைப் பற்றி அவர் கேட்கும் கேள்விகள் வேறு மாதிரி. "அவா ஆரோடை கோவிப்பா? பிள்ளையளை என்னெண்டு கூப்பிடுவா?" அதனால்தான் அந்தப் பாட்டுகளைக் கேட்ட சனம் தங்கள் தாயை நேரே கண்டதுபோல் அழுதது. ஆனால் பாட்டின் கீழே அக்காவின் பெயர் இராது. யாராவது ஒரு வாத்தியாரின் பெயரைப் போடுவித்துக்கொள்வார்கள். அக்கா பொறுத்தார்.

ஒருமுறை பூநகரியில் இருந்து, நிலபுலம் உள்ள ஒருவர் தாயாரின் மலருக்காக வந்தார். நானும் அப்போது கடையில் இருந்தேன். பிழை பார்க்கக் கொடுத்த தாளை வாசித்தவர் மேசையில் தலை கவிழ்ந்து அழுதார். கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"பிள்ளை, பாட்டுத் திறம். கீழை மட்டும் எங்கடை வாத்தியாற்றை பேரைப் போடுங்கோ."

"வாத்தியார் உங்கடை அம்மாவோடை கதைச்சுப் பழகினவரோ?" என்று அக்கா கேட்டார்.

"இல்லை. எண்டாலும் தாலியறுத்த பொம்பிளை பாடினதெண்டால் சபையிலை சனம் என்ன கதைக்கும்?"

"இப்ப நீங்கள் அழுதது அந்தப் பொம்பிளையின்ரை பாட்டுக்குத்தானே?"

அக்கா எழுந்து, கோத்துக் கட்டியிருந்த பக்கத்தை அவிழ்த்து, எழுத்துகளைத் திரும்பப் பெட்டியில் போட்டார்.

வந்தவர் சும்மா போகவில்லை. அந்தத் தாளை மடித்துக் கொண்டுபோய் வேறிடத்தில் அச்சடித்தார். அந்தியேட்டியன்று வாத்தியார் சபையில் எழுந்து, தன் பாட்டு என்றே அதை வாசித்தார். புகழ்ந்தவர்களுக்குக் கைகூப்பினார். படித்த மனிதர், நாக்குக் கூசவில்லை! அங்கே போயிருந்த ஐயா வந்து எங்களிடம் சொன்னது இது.

அக்கா அதே பாட்டை மீண்டும் கோத்து, தன் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு, கடைக்கு வந்த எல்லோருக்கும் கொடுத்தார். அதற்குத் தண்டனையும் வந்தது. எங்கள் கடையில் பள்ளிப் புத்தகம் வாங்க வேண்டாம் என்று வாத்தியார்மார் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். வாங்க ஆளின்றிப் புத்தகங்கள் அலுமாரியில் தூசி பிடித்தன.

"தங்கச்சி, நான் களவோ எடுத்தனான்? ஏன் என்ரை பேரை ஒளிக்கோணும்?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். அன்றுதான் அவர் அழக் கண்டேன்.

பிறகு முல்லைத்தீவுக் கரையில் இருந்து, கணவனைக் கடலில் பறிகொடுத்த ஒரு பெண் வந்தார். அக்கா பாடிய பாட்டைக் கேட்டுவிட்டு, "உங்கடை பேரையே போடுங்கோ அக்கா. அவர் எப்பிடிப்பட்ட மனிசன் எண்டு வேறை ஆர் என்னட்டைக் கேட்டவை?" என்றார். அக்காவின் பெயரோடு வெளிவந்த முதல் மலர் அதுதான். அதன்பின் தன் பெயர் இல்லாமல் ஒரு பாட்டும் அவர் கொடுக்கவில்லை. விரும்பியவர்கள் வந்தார்கள், மற்றவர்கள் போனார்கள். கடை சிறுத்தது, அக்கா சிறுக்கவில்லை.

நெஞ்சுநோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு மெல்லிய குரலில் பாடிக் காட்டினார். அங்கேயே கண்ணை மூடினார்.

செத்தவீட்டில் பேசியவர்கள் "கணவரின் தொழிலைக் காத்த உத்தமி" என்றார்கள். கவிஞர் என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை. அவர் பாட்டுக்கு அழுதவர்கள்தான் அந்தப் பந்தலில் நிறைந்திருந்தார்கள்!

நோயில் பார்த்த தாதிமாருக்கும், பந்தல் போட்டுச் சமைத்துதவிய அயலவர்களுக்கும், அக்காவின் இயந்திரத்தில் இம்மலரை அச்சடித்துத் தந்த கந்தையா அண்ணருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவுக்கு நன்றி சொல்ல விரும்புவோர் வீட்டுக்குப் போய், உங்கள் தாய் தகப்பனின் நினைவு மலரை எடுங்கள். அக்கா பாடிய பாட்டின் கீழே வேறொருவர் பெயர் இருக்கும். அதைக் கோடிட்டு வெட்டுங்கள். இம்மலரின் அட்டையில் உள்ள பெயரைப் பார்த்து, பிழையில்லாமல் அங்கே எழுதுங்கள்.