மூன்று வழிகளும் ஒரு தறிக்குழியும்

ஒரு மாதவிலக்கு நிற்காமலே அடுத்ததோடு சேர்ந்துகொண்டது. கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்யும் தறிக்குழியிலிருந்து எழுந்தால் தலை சுற்றியது. வெயில்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன். அருப்புக்கோட்டையில் எதற்கும் பழி போட வெயில் இருக்கிறது.

ஸ்கேனில் கருப்பை நிறைய நார்க்கட்டிகள் (புற்றுநோயல்லாத தசைக்கட்டிகள்) தெரிந்தன. மாத்திரைக்கு அடங்கவில்லை. கருப்பையை எடுத்துவிடலாம் என்று நானே சொன்னேன். தறியை விட்டுவிட மட்டும் மனம் வரவில்லை.

மதுரையில் டாக்டர் மூன்று வழிகளை விளக்கினார். பிறப்புறுப்பு வழியாகவே எடுத்தால் வயிற்றில் தழும்பே இராது. ஆனால் எனக்கு இரண்டு பிரசவமும் சிசேரியன். உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று தயங்கினார். அடுத்தது லேப்ராஸ்கோபி (சிறு துளைகளில் கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்வது). ரோபோ முறையும் துளை வழிதான். டாக்டர் தள்ளி அமர்ந்து கருவிகளை இயக்குவார். "உங்களுக்கு அதுல கூடுதல் லாபம் இல்லம்மா," என்றார். லேப்ராஸ்கோபி என்று முடிவானது.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"உக்காந்து பாக்குற வேலதான் டாக்டரம்மா."

நெசவு வீடுகளில் அப்படித்தான் சொல்வோம். வெயிலில் நின்று செய்வதுதான் எங்களுக்குக் கஷ்டமான வேலை.

"அப்ப ரெண்டு வாரம் போகட்டும், மெதுவா ஆரம்பிங்க. கனம் தூக்காதீங்க."

அறுவை நல்லபடியாக முடிந்தது. பொட்டு அளவில் தழும்புகள். இவ்வளவுதானா என்று இருந்தது. சொன்னபடி காத்திருந்து தறியில் உட்கார்ந்தேன். மறுநாளே கட்டியிருந்த சேலையில் ரத்தம். கணவர் தறிக்கு நீட்டிக்கொண்டிருந்த பாவு நூலை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்.

"அசையாம இரு. கார் கூட்டிட்டு வாரேன்."

டாக்டர் பரிசோதித்தார். உள் தையல் பிரியவில்லை.

"என்ன செஞ்சீங்கம்மா?"

நாற்காலியில் அமர்ந்தபடியே, தறியின் மிதிகட்டைகளை மிதிப்பதுபோல இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி மிதித்துக் காட்டினேன். டாக்டர் மேசைக்கடியில் குனிந்து பார்த்தார்.

"இதையா உக்காந்த வேலைன்னீங்க? எந்த வழியில எடுத்தாலும் உள்ள தைக்கிற இடம் ஒண்ணுதான். அது ஆறணும்ல?"

"எப்ப மிதிக்கலாம்? அதச் சொல்லுங்க."

"நான் மறுபடி பாத்துட்டுச் சொல்றேன்."

இதே முடிவின் முன் நிற்கும் பெண்களே, எந்த வழி உங்களுக்குப் பொருந்தும் என்று விடாமல் கேளுங்கள். கூடவே, உங்கள் வேலையைச் சொல்வதோடு நிறுத்தாமல் செய்தும் காட்டுங்கள்.

டாக்டர் அனுமதித்த அன்று குழிக்குள் காலை விட்டேன். முதல் மிதியிலேயே அடிவயிறு இழுத்தது. இத்தனை வருடம் கால்தான் மிதிக்கிறது என்று நினைத்திருந்தேன். இப்போது ஒரு முழம் நெய்ததும் எழுந்து வாசல்வரை நடக்கிறேன்.

"சேலை இன்னைக்கு முடிஞ்சிருமா?" என்றார் கணவர்.

"நாளைக்குத்தான்," என்றேன். என் உடம்பைக் கேட்டு நான் சொன்ன முதல் கெடு அது.