வெள்ளிக்கிழமை உடைந்த கால்

ராக்கப்பனைக் கால்பந்தாட்டக்காரர் என்று சொன்னால் பந்துக்கே கோபம் வரும். பதினாறு வருஷ ஆட்டத்தில் அவர் போட்டது இரண்டே கோல், அதிலும் ஒன்று சொந்த கோல். ஆனால் தோஹா தொழில்பேட்டையில் வெள்ளிக்கிழமை ஆட்டம் பார்க்கிற யாரிடமாவது அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள், கேட்டவரின் கை தானாகக் கணுக்காலைத் தடவும். ஸ்டாப்பர் என்று ஓர் இடம் உண்டு. கோல் காக்கிற கோலிக்கு முன்னால் நின்று, வருகிறவனை மறிக்கிற வேலை. ராக்கப்பன் மறித்ததில்லை. சாய்த்துத்தான் பழக்கம்.

கமுதிப் பக்கத்துக்காரர். முதலில் பஹ்ரைனுக்குத்தான் வந்தார், கட்டடச் சாரம் கட்டுகிறவர்களுக்கு எடுபிடியாக. அங்கே குதைபியா என்கிற பேட்டையில் ஒரு காலி மனையில் ஆடும்போது எவனோ ஒருவனின் முழங்கை அவருடைய முன்பல் இரண்டைக் கொண்டுபோனது. பல்லைத் துப்பிவிட்டு மிச்ச ஆட்டத்தை ஆடினார். ஆட்டம் முடியும்போது முழங்கைக்காரனை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார்கள். அன்றைக்கே அவரைக் கேப்டன் ஆக்கிவிட்டார்கள். ஐந்து வருஷம் கழித்து தோஹாவுக்கு வந்தபோது அந்தப் பெயர் அவருக்கு முன்னாலேயே விமானம் ஏறி வந்திருந்தது.

சைட்டில் பார்த்தால் இதே ஆள்தானா என்று சந்தேகம் வரும். அங்கே அவர் சாரக் கட்டு ஃபோர்மேன். ஒவ்வொரு கிளாம்ப்பையும் தானே முறுக்கிப் பார்த்து, ஒவ்வொரு பலகையையும் மிதித்துப் பார்த்துத்தான் பச்சை அட்டையில் கையெழுத்துப் போடுவார். அந்த அட்டை தொங்காத சாரத்தில் ஒருவனும் ஏறக்கூடாது. பதினொரு வருஷத்தில் அவர் கையெழுத்துப் போட்ட சாரத்திலிருந்து ஒரு சுத்தியல்கூட விழுந்ததில்லை. வாரத்தில் ஆறு நாள் ஆள் விழாமல் பார்ப்பார், ஏழாவது நாள் விழவைப்பார். அப்படி ஒரு பிறவி.

அந்தச் சுத்தமான கையெழுத்துக்குக் கூலியும் வந்தது. அடுத்த மாதம் கம்பெனியின் ராஸ் லஃபான் சைட்டில் சூப்பர்வைசர் வேலை, தனி வீடு, குடும்ப விசா. மனைவி சரோஜாவின் பாஸ்போர்ட் நகலைக்கூட ஆபீஸில் கொடுத்தாகிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை இரண்டு வருஷத்துக்கு ஒரு மாதம் என்ற கணக்கில்தான் பார்த்திருக்கிறாள்.

அந்த நேரத்தில்தான் பாலகுரு குறுக்கே வந்தான். அதே கம்பெனியில் பெயின்டர், முப்பது வயது, திருவாரூர்ப் பக்கம். ஓட்டம் என்றால் அப்படி ஓர் ஓட்டம். ஒரு வெள்ளிக்கிழமை, தொழிலாளர் கேம்ப்பின் ஏ பிளாக்குக்கும் சி பிளாக்குக்கும் அரையிறுதி. சரளைக் கல் மைதானம், விழுந்தால் தோல் மிஞ்சாது. சி பிளாக்கின் பாலகுரு, ஏ பிளாக் கேப்டன் ராக்கப்பனை மூன்று முறை ஏமாற்றிவிட்டுப் போனான். மூன்றாவது முறை பந்து அவருடைய கால்களுக்கு நடுவே போனது. ஒருவன் கூட்டத்திலிருந்து, "ராக்கப்பா, கேட்டச் சாத்துய்யா!" என்று கத்தினான். முந்நூறு பேர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அவர் காதுக்குள் காய்ச்சிய எண்ணெயாக இறங்கியது. நாலாவது முறை பாலகுரு வந்தபோது பந்தை ஏற்கெனவே இடது பக்கம் தள்ளிவிட்டிருந்தான். பந்து போவதை ராக்கப்பன் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் இரண்டு காலையும் தூக்கிப் பாய்ந்தார். காய்ந்த சவுக்குக் கம்பை முறித்தது மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்ல முடியாது. சி பிளாக் கோலி முகம்மது ரிபாய், கீழக்கரைக்காரர், சாதுவான மனிதர், கோலை விட்டுவிட்டு ஓடிவந்து ராக்கப்பனின் முகத்தில் குத்தினார். ராக்கப்பன் அவரைக் கழுத்தோடு பிடித்துச் சரளையில் தேய்த்தார். கல் பறந்தது. கொடிக்கம்பத்தைப் பிடுங்கி எவனோ எவன் முதுகிலோ இறக்கினான். ஒருவனின் புருவம் பிளந்து கண்ணை ரத்தம் மூடியது. "பந்தத்தான்டா அடிச்சேன்! பந்தத்தான்!" என்று ராக்கப்பன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே அடித்தார், அடி வாங்கினார்.

"ஆம்புலன்ஸுக்கு மட்டும் போன் போட்றாதீங்கண்ணே," என்று தரையில் கிடந்த பாலகுருவின் குரல் வந்தது. அவ்வளவுதான், அடிதடி அப்படியே நின்றது.

அந்த மைதானத்தில் எல்லோருக்கும் அதன் அர்த்தம் தெரியும். வேலையில் அடிபட்டால் வைத்தியம், சம்பளம், நஷ்டஈடு எல்லாம் கம்பெனி பொறுப்பு. விளையாட்டில் காலை உடைத்துக்கொண்டவன் வேலைக்கு லாயக்கில்லாதவன். விசாவை ரத்து செய்து, நொண்டிக்கொண்டே விமானம் ஏறச் சொல்வார்கள். அதனால் கேம்ப்பில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை உடைந்த எலும்பை மூடி மறைத்து வைத்து, சனிக்கிழமை காலை பஸ்ஸில் சைட்டுக்குக் கொண்டுபோய் அங்கே விழவைப்பார்கள். அதுவரை வலியை மென்று விழுங்க வேண்டியது அவனவன் பாடு.

சாயங்காலம் ரிபாய், தேய்ந்த கன்னத்தில் பஞ்சோடு ராக்கப்பனின் ரூமுக்கு வந்தார்.

"பெயின்டருங்க நாளைக்கு உங்க சாரத்துலதான் ஏறுறாங்க. வேற எடம் இல்ல. ஒரு பலகையத் தளர்த்தி விட்டாப் போதும்."

"என் சாரத்துல எவனும் விழ மாட்டான்யா."

"ஒங்க சாரத்துலருந்து விழல. ஒங்க காலுலருந்து விழுந்திருக்கான்."

"வெளிய போ! நான் பந்தத்தான் அடிச்சேன்."

ரிபாய் கன்னத்துப் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே போனார். அவர் காறி உமிழாமல் போனது ராக்கப்பனை இன்னும் எரித்தது.

அவர் சம்மதிக்காமலே காரியம் நடந்தது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சாரத்தின் கிழக்கு மூலையில் பலகை விழுகிற சத்தமும் ஓர் அலறலும் கேட்டன. அந்த அலறலில் நடிப்பு இல்லை, பதினெட்டு மணி நேரமாக அடக்கி வைத்திருந்தது அது. ராக்கப்பன்தான் முதலில் ஓடினார். பாலகுரு மணலில் கிடந்தான். வலி தாங்காமல் கடித்துக் கடித்து கீழுதடு கிழிந்து தொங்கியது. ராக்கப்பன் அவன் பேன்ட்டைத் தூக்கிப் பார்த்தார். தொடை அளவுக்கு வீங்கிய முழங்காலுக்குக் கீழே, கறுத்த தோலில், வட்ட வட்டமாக நாலு குழி. அவருடைய பூட்ஸ் ஆணிகள். பந்தை அடித்திருந்தால் அவை அங்கே பதிந்திருக்காது.

பாலகுரு அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவர் பதிலுக்கு முறைத்திருப்பார். பயம் மட்டும்தான் இருந்தது. இந்த ஆள் வாயைத் திறந்தால் நம் பிழைப்பு போச்சு என்கிற பயம். ராக்கப்பனுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. பேன்ட்டை இறக்கிவிட்டார்.

சேஃப்டி ஆபீசர் சாதிக் பாட்ஷா வந்து சேர்ந்தார். தமிழ் ஆள்தான், வெள்ளிக்கிழமைக் கதைகள் தெரியாதவர் இல்லை. ராக்கப்பனைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"இது நேத்து ஒடஞ்ச காலு. என்கிட்ட ஆதாரம் இல்ல, ஒங்க வார்த்த ஒண்ணு போதும். பலகைய வியாழக்கிழமை நல்லாத்தான் கட்டினேன், யாரோ அவுத்திருக்காங்கன்னு சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன். அவன் ஊருக்குப் போவான், நீங்க ராஸ் லஃபான் போவீங்க."

"இல்லன்னா?"

"இல்லன்னா பச்ச அட்டையில ஒங்க கையெழுத்து இருக்கு. ஆளு விழுந்திருக்கான். பதினோரு வருஷமும் போச்சுண்ணே, கலாஸ்."

ஆம்புலன்ஸ் கேட்டுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. ராக்கப்பனுக்குச் சரோஜாவின் பாஸ்போர்ட் படம் ஞாபகம் வந்தது. ஸ்டுடியோக்காரன் சொன்னதற்காகச் சிரிக்காமல் இருந்த முகம். எவனையாவது பிடித்து அடித்து நொறுக்க வேண்டும் போல் இருந்தது. அடிக்க அங்கே வேறு எவனும் இல்லை.

"கட்டுனது நான்," என்றார். "கிளாம்ப்ப முறுக்காம விட்டுட்டேன். பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். எழுதிக்கங்க."

"அண்ணே, யோசிச்சு..."

"எழுதுய்யா!" என்று அவர் போட்ட சத்தத்தில் சாதிக் பாட்ஷாவின் கையிலிருந்து பேனா விழுந்தது.

பாலகுருவை ஏற்றிப் போனார்கள். ராக்கப்பனின் கேட் பாஸை அன்று மத்தியானமே வாங்கிக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமைக்கு டிக்கெட் போட்டார்கள். அலட்சியம் என்று ஒரே வார்த்தையை எழுதி அவரிடமும் கையெழுத்து வாங்கினார்கள்.

கேம்ப்புக்கு வந்து சரோஜாவுக்குப் போன் போட்டார். விசா வந்துவிட்டதா என்றுதான் அவள் ஆரம்பித்தாள். வராது என்றார். சாரத்திலிருந்து ஓர் ஆள் விழுந்துவிட்டான், என் தப்பு, செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றார்.

"நீங்க கட்டுன சாரத்துலயா? நான் நம்ப மாட்டேன்," என்றாள் சரோஜா. அழ ஆரம்பித்துவிட்டாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டு, "ஏங்க, அந்த ஆளுக்கு உசுருக்கு ஒண்ணும் இல்லையே? நடப்பாருல்ல?" என்று கேட்டாள்.

"நடந்துருவான்," என்றார் ராக்கப்பன். "ஓட மாட்டான்."