சர்வர் வீட்டில் ஒரு சர்வர்

என் அண்ணிக்கு ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை. ஈரப் படுக்கை விரிப்பைச் சூடான உருளைகளுக்குள் நுழைத்து, மறுபக்கம் சுருக்கமில்லாமல் வாங்க வேண்டும். உருளைக்கு முன்னால் ஒரு கம்பி உண்டு. விரல் பட்டாலே மெஷின் நின்றுவிடும். அடிக்கடி நின்று வேலை கெடுகிறது என்று மேனேஜர் அந்தக் கம்பியை அசையாமல் இறுக்கிக் கட்டிவிட்டார். அதன்பின் ஒருத்தி விரல் வெந்து ஊர் திரும்பினாள்.

அண்ணி யாரையும் சட்டென்று நம்பமாட்டார். நான் உப்புப் போட்டாயிற்று என்றால், ருசி பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார். அப்படிப்பட்டவர், சலவைக்காரர்கள் எல்லோரும் இருக்கும் ஃபோன் குழுவில் தைரியமாக எழுதினார்: "கம்பிய அவுக்கிற வரைக்கும் யாரும் மெஷின் பக்கம் போகக்கூடாது."

மறுநாள் காலையில் மேனேஜர் வந்து நின்றார். "என்னம்மா, யாரும் மெஷின் பக்கம் போகக்கூடாதாமே? வேலை வேணாம்னா சொல்லுங்க, விசாவ முடிச்சு விட்டுர்றோம்."

ஒரு சொல் மாறவில்லை. அண்ணனும் குழந்தையும் இந்நாட்டில் இருப்பதே அண்ணியின் விசாவில்தான். வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார்.

"வேற யாரும் படிக்க முடியாது, பூட்டு போட்ட ஆப்னு சொன்னாங்க. சாவி யாருகிட்ட இருக்கு?"

அந்த வாரக் கடைசியில் ஹோட்டல் எலக்ட்ரீசியனை வீட்டுக்குக் கூப்பிட்டார். துணி மடிக்கும் அம்மாவும் வந்திருந்தார். வேறொரு நல்ல ஆப் இருக்கிறது, ஒரே கம்பெனி நடத்துவது, பூட்டு பலமானது என்றார் எலக்ட்ரீசியன்.

"ஆனா ஃபோன் நம்பர் கேக்கும்க்கா. நம்ம சிம் எல்லாம் ஹோட்டல் பேர்ல இருக்கு. அவங்க நெனச்சா நம்ம நம்பருக்கு ஒரு ஓடிபி வரவழைச்சு, நம்ம பேர்லயே உள்ள வந்து உக்காந்துருவாங்க."

"சொந்த சிம் வாங்கலாமே?"

"அதுக்கும் ஹோட்டல் லெட்டர் வேணுமே."

"நல்லா கட்டி வச்சிருக்காங்க, கம்பிய மட்டும் இல்ல."

"இன்னொரு வழி இருக்கு. நம்பரே வேணாம். நமக்குன்னு ஒரு சர்வர் வச்சுக்கலாம்."

அண்ணியின் முகம் மாறியது. "சர்வரா? சாப்பாட்டு ஹால்ல இருக்கானே, மீசை, அவனா? மேனேஜர்கூட ஒட்டிக்கிட்டு டீ குடிக்கிறவன். அவன்தான் போட்டுக் குடுக்கிறான்னு எனக்கு முன்னாடியே ஒரு இது!"

எலக்ட்ரீசியன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது ஆள் இல்லை, செய்தியை வாங்கி உரியவரிடம் கொண்டு சேர்க்கும் கம்ப்யூட்டர் என்று விளக்கினார். ஆனால் மடிக்கும் அம்மா அண்ணி சொன்னதைக் கேட்டதோடு, விளக்கத்துக்கு நிற்காமல் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார். அடுத்த நாளே சலவைப் பிரிவு முழுக்க, "மீசைதான் ஒற்றனாம்" என்று பரவிவிட்டது.

அன்றைக்கே அண்ணியின் சந்தேகம் எலக்ட்ரீசியன் மேலேயே திரும்பியிருந்தது. "அந்தக் கம்ப்யூட்டர் யார் வீட்ல இருக்கும் தம்பி?"

"என் வீட்லதான்."

"அப்ப நீ படிப்ப."

"படிக்க முடியாதுக்கா. பூட்டு உங்க ஃபோன்லயே விழுந்துரும். ஆனா யாரு யார்கூட எப்பப் பேசுனாங்கன்னு மட்டும் தெரியும். பொய் சொல்லமாட்டேன்."

"கம்பெனிக்காரன் பாத்தா அவனுக்கு நான் யாரோ. நீ பாத்தா, நான் யாருன்னு உனக்குத் தெரியுமே!"

எலக்ட்ரீசியன் தலையைச் சொறிந்துகொண்டு கிளம்பினார். முடிவெடுக்காமல் சில நாள் போயின. பிறகு ஒரு மாலை கதவு தட்டப்பட்டது. மீசை. அண்ணி சங்கிலியை எடுக்காமல் இடுக்கில் பார்த்தார்.

"சங்கிலி போட்டுப் பேச நான் என்ன திருடனா? ஒருத்தரும் என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கிறாங்க. நான் என்னக்கா பண்ணேன்?"

"அத நீதான் சொல்லணும்."

"சரி, சொல்றேன். துணி வைக்கிற ரூம்ல ஒரு கம்ப்யூட்டர் இருக்குல்ல? நாப்கின் எடுக்க வரும்போது பாப்பேன். உங்க குழு அதுல தெறந்தே கெடக்கு. மேல உங்க ஃபோட்டோ. மேனேஜர் நாற்காலி போட்டு உக்காந்து பேப்பர் படிக்கிற மாதிரி படிக்கிறாரு."

ஷிஃப்ட் பட்டியலை அனுப்ப, முன்பு ஒருநாள் தன் ஃபோனை அந்தக் கம்ப்யூட்டரோடு இணைத்தவர் அண்ணியேதான். திரும்பத் துண்டிக்கவில்லை. ஃபோனைத் திறந்து பார்த்தோம். இணைந்த கருவிகள் என்ற இடத்தில் அது சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"எங்கிட்ட யாரு பேசுனீங்க, சொல்றதுக்கு?"

அண்ணி சங்கிலியை எடுத்தார்.

பூட்டு உடையவில்லை என்று தெரிந்ததும், பழைய ஆப்பிலேயே இருந்துவிடலாமே என்றேன். "சிம் யாரோடது?" என்று திருப்பிக் கேட்டார். எலக்ட்ரீசியனை ஃபோனில் பிடித்தார். "தம்பி, சர்வர் ரெண்டு வச்சா ஒண்ணோட ஒண்ணு பேசுமா?"

"பேசும்க்கா. அதுக்குத்தான் அது. ஒண்ண நிறுத்துனாலும் இன்னொண்ணு ஓடும்."

"அப்ப ஒண்ணு உன் வீட்ல. உன்னை நம்பாதவங்களுக்கு இன்னொண்ணு." மீசையைப் பார்த்தார். "உங்க வீட்ல கரண்ட் ஒழுங்கா இருக்குமா?"

இப்படித்தான் சர்வர் வீட்டில் சர்வர் வந்தது. அண்ணி சேர்ந்தது அதில்தான். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

எல்லோரும் புதிய இடத்துக்கு மாறிய பின், அண்ணி அதே வரியை மறுபடி எழுதினார். ஒருவர் விடாமல் சரி என்றார்கள். மறுநாள் காலை உருளைகள் சூடேறி வெறுமனே சுற்றின. விரிப்புகள் கூடையிலேயே ஈரமாகக் கிடந்தன. மேனேஜர் துணி ரூமுக்கு ஓடி, கம்ப்யூட்டரைப் பார்த்து, வெறுங்கையோடு திரும்பினார்.

"யாரு சொல்லி இது? எப்பப் பேசுனீங்க?"

அறைகளுக்கு விரிப்பு கேட்டு மேலிருந்து ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. மதியத்துக்குள் வேறு வழியில்லாமல் மேனேஜரே கூப்பிட, எலக்ட்ரீசியன் வந்து, அவர் கண்முன்னேயே கம்பியின் கட்டை அவிழ்த்தார்.

அண்ணி அன்று வீட்டுக்கு வந்து முதல் வேலையாக ஃபோனில் இணைந்த கருவிகளைப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"அந்தாளு முழிச்ச முழி இருக்கே," என்றார், "நெசமாவே தெரியாத முழிதானே அது?"

"நிஜம்தான் அண்ணி."

"நீ பாத்தியா?" என்று கேட்டுவிட்டுக் குழம்பில் உப்புப் பார்க்கப் போனார்.