குவிமாடத்து விரிசல்

எங்கள் கோயில் குவிமாடத்தில் விரிசல் விழுந்திருந்தது. அதைச் சோதிக்க வந்த பொறியாளர் பெண்ணை நான் நம்பவில்லை. அவர் நாசரேத் ஊர்க்காரர், புராட்டஸ்டண்ட் சபை; நாங்கள் கத்தோலிக்கர். "வேற சபைப் பொண்ணு, அண்ணாச்சி. நம்ம கோயில்ல குத்தந்தான் பாக்கும்" என்று கட்டடக் கமிட்டியில் ஒருவர் என் காதைக் கடித்தார்.

அந்தப் பெண் விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டினார். அது உடைந்தால் விரிசல் இன்னும் விரிகிறது என்று அர்த்தமாம். அப்படியானால் குவிமாடத்தைச் சுற்றி இரும்பு வளையம் போட வேண்டும் என்றார்.

"ரோம்ல இருக்க பெரிய பேராலயத்துக்கே போட்டிருக்காங்க, அண்ணாச்சி."

நான் கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்த்தவன். இத்தாலியில் கப்பல் நின்றபோது அந்தப் பேராலயத்தின் உச்சிவரை ஏறியிருக்கிறேன். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குவிமாடங்கள், நடுவே படிக்கட்டு. ஏற ஏற சுவர் சாய்ந்து தோளில் இடிக்கும். விரிசல் எதையும் நான் பார்த்ததில்லை. சொன்னேன்.

"நீங்க போறதுக்கு ரொம்ப முன்னாலயே சரி பண்ணியாச்சே. கட்டி முடிக்கவே நூறு வருசத்துக்கு மேல ஆச்சு. ஒருத்தர் போட்ட பிளானை அடுத்தவர் மாத்தினாரு. குவிமாடத்தை வரைஞ்சவரு அது எழும்புமுன்னே இறந்துட்டாரு. கட்டும்போதே சுத்திச் சங்கிலி வச்சாங்க, போதல. பிறகுதான் கூடுதலா வளையம் போட்டாங்க."

கதை நன்றாகத்தான் இருந்தது. அதனாலேயே சந்தேகம் கூடியது.

இரண்டு வாரத்தில் கண்ணாடி உடைந்தது. அன்று சோதனைக்காகக் கட்டியிருந்த சாரத்தில் ஏறியவர் அவர் மட்டுமே. விரலால் ஒரு தட்டுத் தட்டினால் போதாதா?

மறுநாள் மத்தியானம், கோயிலில் ஆளில்லாத நேரம் பார்த்து நானே ஏறினேன். பழைய படச் சட்டத்துக் கண்ணாடியில் ஒரு துண்டை அதே விரிசலில், சற்றுத் தள்ளி ஒட்டினேன். வீட்டில்கூடச் சொல்லவில்லை. ஞாயிறு பூசையில் என் கண் மேலேயே இருந்தது.

ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். சாந்து அசையவில்லை, கண்ணாடி நடுவில் பிளந்திருந்தது. யார் கையும் படாமலே விரிசல் விரிந்திருந்தது.

அடுத்த முறை வந்தபோது அவர் அதைக் கண்டுவிட்டார்.

"இது நான் ஒட்டினது இல்லையே?"

"நான்தாம்மா."

"என்னைச் சந்தேகப்பட்டியளோ?"

"ஆமாம்மா."

அவர் முகம் கறுத்தது. என் கண்ணாடி இருந்த இடத்தையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

நடந்ததைக் கமிட்டியில் சொல்லி, வளையம் வேண்டும் என்றேன். காதைக் கடித்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களும் அந்தப் பிள்ளை பக்கம் சேந்துட்டியளா?" பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். மூன்று கூட்டம் வாதாடித்தான் சம்மதம் வாங்கினேன்.

வளையம் போட்டு முடிந்த அன்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அடுத்த தடவ என்கிட்டயே கேட்டுருங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.