காஜா பெராங் மாடிச் சுவரில் என் வாக்கியம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. மலாக்கா காஜா பெராங்கில் ஒரு கடைவீட்டு மாடி. சுவரில் கறுப்புச் சாயத்தில் பெரிய தமிழ் எழுத்துகள்: ‘தலைவர் இல்லை. சட்டி கழுவ ஆள் உண்டு.’ அதன் கீழே என் பழைய தோழி செல்வி சிரித்துக்கொண்டு நிற்கிறாள். படத்துக்கு அடியில் யாரோ ‘செல்வி அக்காவின் வாசகம்’ என்று போட்டிருந்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வாக்கியத்தை எழுதியவள் நான். மறுநாள் காலையிலேயே பேருந்து ஏறிவிட்டேன். இதைப் பொறாமை என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கப் போவதில்லை.

கோலாலம்பூர் தெற்கு முனையத்தில் எட்டரை மணிப் பேருந்து, கட்டணம் பதினைந்து வெள்ளி, தூரம் சுமார் 145 கிலோமீட்டர். ஆயர் குரோ சுங்கச் சாவடியில் இருபது நிமிடம் நின்றதால் மலாக்கா சென்ட்ரல் சேர பத்து ஐம்பது ஆனது. அங்கிருந்து காஜா பெராங் பக்கம்தான், வாடகைக் காருக்கு எட்டு வெள்ளி. ஓட்டுநர் மலாக்கா செட்டி குடும்பத்தவர், தலைமுறைகளாக மலாய் பேசும் தமிழ் வம்சம். முன்கண்ணாடியில் பிள்ளையார், வாயில் மலாய். நான் பழக்கதோஷத்தில் தமிழில் ஆரம்பிக்க, அவர் சிரித்தபடி மலாயிலேயே பேசினார். முகவரியைக் காட்டியதும், ஞாயிற்றுக்கிழமை இலவசச் சோறு போடுகிற பங்க் இசை ஆட்களா, செல்வி இடமா என்று கேட்டார். செல்வி இடமாம்! வாடகைக் கார் வரைக்கும் அவள் பெயர் போயிருக்கிறது.

இந்த மாடியைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கொஞ்சம் பழைய கதை தெரிந்திருக்க வேண்டும். மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டின் சுதந்திரத்துக்கு, நாற்பது வயது ஆகியிருந்த சமயம். நான் மலாக்காவில் கல்லூரியில் படித்தேன், புக்கிட் பாருவில் அறை. பங்க் இசையைக் கேட்டுக் கெட்டுப்போன பன்னிரண்டு பேர் சேர்ந்து இந்த மாடியை வாடகைக்கு எடுத்தோம். ‘அனார்க்கி’ என்று சட்டையில் எழுதிக்கொண்டு திரிந்தோம். வீட்டில் கேட்டால், மேலே உட்கார்ந்து உத்தரவு போட யாரும் வேண்டாம், கூடிப் பேசி முடிவெடுப்போம், அவ்வளவுதான் என்று விளக்குவோம். யாருக்கும் புரியாது. என் அம்மாவுக்குப் பூட்ஸும் கறுப்புச் சட்டையும் மட்டும்தான் கண்ணில் பட்டன. இந்த நாட்டில் எந்த விண்ணப்பப் பாரத்தை எடுத்தாலும் என்ன இனம் என்று ஒரு கட்டம் இருக்கும். அந்த மாடியில் அதை யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காது கிழியப் பாட்டு. ஞாயிற்றுக்கிழமை பெரிய சட்டியில் சோறாக்கி, பேருந்து நிலையத்தில் படுத்திருப்பவர்களுக்குக் கொடுப்போம். மாதம் ஒரு கையிதழ்: வெட்டி, ஒட்டி, பண்டார் ஹிலிரில் ஒரு கடையில் நகலெடுப்போம். எல்லாம் மலாய். சண்டை போட்டு ஒரு தமிழ்ப் பக்கம் வாங்கினேன். அதில் எழுதியது நான் மட்டும்தான். ஆனால் கையிதழில் யார் பெயரும் வரக்கூடாது என்பது விதி. அந்த விதியைக் கொண்டுவந்த புண்ணியவதியும் நான்தான். அதற்காக இரண்டு கிட்டார்க்காரர்களுடன் ஒரு சாயங்காலம் முழுக்க மல்லுக்கட்டினேன். நாலு வருஷத்தில் எனக்குக் கோலாலம்பூரில் வேலை கிடைத்தது, போய்விட்டேன். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். செல்வி மட்டும் இருந்தாள்.

கடைவீட்டுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கறுப்பு இரும்புக் கதவைத் தள்ளினால் இருபத்திரண்டு படி. மாடி இப்போது நூலகமாகியிருக்கிறது. பழைய ஒலிநாடாக்கள், சுவரொட்டிகள், கையிதழ் பெட்டிகள். பின்பக்கம் ஆறேழு பேர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள், நடுவில் செல்வி. எல்லோரும் அவளை ‘அக்கா, அக்கா’ என்கிறார்கள். ஆயர் குரோ தொழிற்சாலையில் வேலை செய்யும் நளினி, முப்பது வயதிருக்கும், தேநீர் கொடுத்து “உக்காருங்க ஆன்ட்டி” என்றாள். எனக்கும் செல்விக்கும் ஒரே வயது. அவள் அக்கா, நான் ஆன்ட்டி.

நளினி சுவரைக் காட்டி, செல்வி அக்காவின் வாசகம் என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் என்னால் வாயைக் கட்ட முடியவில்லை.

“அத எழுதுனது நான். செல்விக்குத் தமிழ் எழுதவே வராது. அவ மலாய் ஸ்கூல்ல படிச்சவ.”

செல்வி நிமிர்ந்து பார்த்து, “ஆமா லா, எழுதுனது இவதான்” என்றாள். மறுத்திருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். இப்படி ஒத்துக்கொண்டதில் எனக்கு இன்னும் எரிச்சல். ஆதாரத்தையே காட்டுகிறேன் என்று அந்த இதழைக் கேட்டேன். நளினி பெட்டியிலிருந்து எடுத்துவந்தாள். என் கையெழுத்தேதான். எல்லோரும் கேட்கும்படி உரக்கப் படித்தேன்.

மெர்டேக்கா தினத்தன்று பண்டார் ஹிலிரில் அணிவகுப்பு முடிந்து வந்தவர்களுக்கு நாங்கள் சோறு கொடுத்ததைப் பற்றிய பக்கம் அது. சீருடைக்காரர் ஒருவர் வந்து உங்கள் தலைவர் யார் என்று கேட்டதாக எழுதியிருந்தேன். அடுத்த வரி: ‘நம்மில் ஒருத்தி அவரிடம் சொன்னாள்.’ அதற்கும் அடுத்த வரிதான் சுவரில் இருந்தது.

என் குரல் பாதியில் இறங்கிவிட்டது. அந்த ஒருத்தி நான் இல்லை. நான் அப்போது பயத்தில் பெரிய சட்டிக்குப் பின்னால் நின்றேன். சோப்பு நுரைக் கையோடு முன்னால் போய், மலாயில் அதைச் சொன்னவள் செல்வி. நான் வீட்டுக்குப் போய் அதைத் தமிழில் எழுதினேன். விதிப்படி அவள் பெயரை விட்டுவிட்டேன். பிறகு இருபத்தைந்து வருஷத்தில் அந்தக் காலி இடத்தில் நானே போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயோடு கையெழுத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

“அந்த ஒருத்தி யாரு ஆன்ட்டி?” என்றாள் நளினி.

“செல்வி” என்றேன்.

செல்வி கத்தியை என் பக்கம் தள்ளிவைத்து, வெங்காயம் நறுக்க வா என்றாள். ஒரு மணி நேரம் நறுக்கினேன். கண்ணீருக்கு நல்ல சாக்கு. சட்டி கழுவும்போதுதான் அவள் தணிந்த குரலில் பேசினாள்.

“நீ எழுதலன்னா அது அன்னிக்கே காத்துல போயிருக்கும். உனக்கு வேணும்னா சொவத்துல உன் பேர போட்டுக்க. எனக்கு ஒண்ணும் இல்ல.”

குத்திப் பேசவில்லை. நிஜமாகவே சொன்னாள், அதுதான் கொடுமை. வாக்கியத்துக்காகக் கொண்டுவந்த பொறாமை அங்கேயே செத்தது. ஆனால் ‘எனக்கு ஒண்ணும் இல்ல’ என்று சொல்ல முடிகிறதே அவளுக்கு, அதன்மேல் புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. பேருந்தில் வருகிற வழியெல்லாம் அதுதான் கூடவே வந்தது.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு மட்டும்தான் திறந்திருக்கும், பத்து மணி முதல் நாலு வரை. கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள். நன்கொடைப் பெட்டி இல்லை, அரிசியோ எண்ணெயோ கொண்டுபோங்கள். தங்குவதானால் பண்டார் ஹிலிர் சுற்றுலா விலைக்குப் பதில் புக்கிட் பாருவில் தொண்ணூறு வெள்ளிக்கு அறை கிடைக்கிறது. கையிதழ்களை வெளியே கொடுக்க மாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். சாப்பிட்ட தட்டை நீங்களேதான் கழுவ வேண்டும்.

இதையெல்லாம் வலைப்பூவில் எழுதப்போகிறேன் என்று செல்வியிடம் சொன்னேன். எழுது, என் பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். அதனால் செல்வி என்பது அவள் பெயர் இல்லை. என் பெயர் பதிவின் உச்சியில் வழக்கம்போல் இருக்கிறது. எடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எடுக்க மனசு வரவில்லை.