மலிவுக் கத்தியே போதும்

வேறு எந்தச் சாமானை விற்றாலும் வாங்க வந்தவரிடம் "எதற்கு?" என்று கேட்கத் தேவையில்லை, கத்தி விற்றால் கேட்காமல் இருக்கக்கூடாது. கேள்வி கேட்பது என் பிறவிக்குணம் என்பதால், இந்தத் தொழில் எனக்கென்றே படைக்கப்பட்டது என்று நம்பினேன். இப்படி எதையோ நம்பி, படிப்புக்கு நடுவே சனி ஞாயிறுகளில் கவுண்டருக்குப் பின்னால் கால் நோக நிற்கும் சக பாவப்பட்டவர்களே, இது உங்களுக்குத்தான்.

நான் பல்கலைக்கழகத்தில் அரசியல் படிக்கிறேன். கடை, ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரம். கூடாரம், மழை அங்கி, மலையேறும் சப்பாத்து எல்லாம் உண்டு. பின்சுவரில் பூட்டுப் போட்ட கண்ணாடி அலமாரி. அதற்குள்ளே காட்டுக்குக் கொண்டுபோகும் கத்திகள். பதினெட்டு வயது ஆகாதவருக்கு விற்கக்கூடாது. முகம் இளசாகத் தெரிந்தால் அடையாள அட்டை கேட்கவேண்டும். ஆளைக் குத்தவோ, தற்காப்புக்கோ என்று சந்தேகம் வந்தால் அலமாரியைத் திறக்கவே கூடாது. இவ்வளவையும் சொல்லித் தந்த மானேஜர் கிரகாம், மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவேன் என்றார். ஆகாவிட்டால் ஹவுன்ஸ்லோவில் இருக்கும் மாமாவின் கடையில்தான் என் சனிக்கிழமைகள் என்று அம்மா தீர்ப்பு எழுதிவிட்டார். மாமா நல்ல மனிதர்தான். ஆனால் பருப்பு விலையில் தொடங்கினாலும் பாராளுமன்றத்தில் தொடங்கினாலும் என்னுடைய கலியாணத்தில்தான் கொண்டுவந்து முடிப்பார். ஆகவே அந்த மூன்று மாதமும் எனக்கு வாழ்வா சாவா என்ற மாதிரித்தான் இருந்தது.

கடைசி விலை

முதல் வாரமே நம்மவர் ஒருவர் வந்தார். ஐம்பது வயது மதிக்கலாம்; நெற்றியில் திருநீறு, கையில் புது வாகனத்தின் திறப்பு. "காட்டுக்குப் போறதுக்கு ஒரு கத்தி, பிள்ளை. நல்லதா, மலிவா" என்றார். நான் ஒரு விரிவுரையே நடத்தினேன். அலகு உங்கள் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தால் போதும். இரும்பு பிடிக்குள்ளே எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு உறுதி. பிளாஸ்டிக் பிடி என்று முகம் சுளிக்க வேண்டாம், நனைந்தாலும் வழுக்காது. எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுக் கேட்டார்: "உது நீத்துப்பூசணிக்காயை ஒரே வெட்டில பிளக்குமோ?" விஷயம் வெளியே வந்தது. நாளைக்குப் புது வான் வண்டிக்குப் பூசை. வீட்டில் இருக்கிற பெரிய கத்தியை மனைவி தரமாட்டாராம். இந்தக் கத்தி அதற்குக் காணாது என்று உள்ளதைச் சொன்னேன். "அப்ப சின்னக் காயா வாங்கிறன்" என்றார்.

பிறகு "கடைசி விலை என்ன?" என்று தொடங்கினார். விலை கொம்பியூட்டரில் இருக்கிறது, எனக்கு அதிகாரமில்லை என்றேன். "கொம்பியூட்டருக்கும் மனச்சாட்சி இருக்கும்" என்றார். பஸ் ஒன்று வந்து, நின்று, போகிற அளவுக்கு இரண்டு பேரும் வாதாடினோம். விலை ஒரு பென்ஸ்கூட அசையவில்லை. காசைக் கட்டியதும் பெட்டியை நீட்டினேன். வாங்காமல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வருமாம்; மேசையில் வைக்கவேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்ப இவ்வளவு நேரமும் நாங்கள் பிடித்தது என்ன என்று கேட்டேன். அவர் சிரிக்கவேயில்லை. "அது விலைக்குப் பிடிச்ச சண்டை, பிள்ளை. அது கணக்கில வராது."

முதுகில் பல்

அடுத்து வந்தவர் சென்னைக்காரர், கணினி வேலை. கூரைக்கு வெளியே ஓர் இரவுகூடத் தங்கியதில்லை, ஆனால் காட்டில் உயிர்பிழைப்பது எப்படி என்ற வீடியோ ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அலமாரியில் ஆக விலை கூடிய கத்தியைக் காட்டினார். முதுகில் வாள் மாதிரிப் பல். பிடியின் அடியில் திசைகாட்டி. மூடியைத் திருகினால் உள்ளே தீக்குச்சியும் தூண்டில் நூலும். "இதுல எல்லாமே இருக்கேங்க. தனித்தனியா வாங்கினா இன்னும் செலவுதானே?"

விற்றுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். இருந்தால் நான் நானில்லை. எல்லாம் இருக்கிறது, கத்தி மட்டும்தான் இல்லை என்றேன். பிடிக்குள்ளே வெற்றிடம் என்றால் அலகு எதில் நிற்கிறது? ஒரு திருகாணியில். விறகைப் பிளக்கத் தட்டினால் அலகு ஒரு பக்கம், திசைகாட்டி ஒரு பக்கம். முதுகுப் பல்லால் மரமும் அறுபடாது; அந்த முதுகில் தடியால் தட்டவும் முடியாது. இதன் விலையில் கால்வாசிக்கு இதோ இந்தச் சாதாரணக் கத்தி. ஈரம் பட்டால் கறள் பிடிக்கும். துடைத்து எண்ணெய் பூசிவையுங்கள். மழுங்கினால் சின்னச் சாணைக்கல்லே போதும். மிச்சக் காசுக்கு நல்ல சப்பாத்து வாங்குங்கள். காட்டில் ஆளைக் காப்பாற்றுவது கத்தியைவிடக் கால்தான்.

"ஆமா, நீங்க சொல்றது லாஜிக்தான்" என்று யோசித்தார். ரெண்டு வாங்கினால் குறைப்பீர்களா என்று கேட்டார். குறைக்கமாட்டோம் என்றதும் ஒன்றை மட்டும் வாங்கினார், சப்பாத்தை இணையத்தில் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார், போகும்போது மானேஜரைத் தேடிப் போய் என்னை மனதாரப் புகழ்ந்துவிட்டுப் போனார். பின்னேரம் கிரகாம் என்னைக் கூப்பிட்டார். மூன்று மாதத்தில் பாதி போய்விட்டது, என் விற்பனை எல்லாரையும்விடக் கீழே நிற்கிறது என்று நினைவூட்டிவிட்டுச் சொன்னார்: "உன்னைப் பற்றி இப்படி இன்னும் நாலு பாராட்டு வந்தால், கடையை மூடிவிட வேண்டியதுதான்."

பெரிசைத் தாங்கோ

அதன் பிறகு வாயை அடக்குவதென்று தீர்மானித்தேன். அந்தத் தீர்மானம் அடுத்த சனிக்கிழமை மத்தியானம் வரை நின்றது. ஸ்ட்ரெதமில் கணக்காளராக இருக்கும் ஓர் அண்ணை வந்தார். நல்ல கோட்டு, மெல்லிய குரல். பிள்ளைகளை ஸ்கொட்லாந்துக்குக் கூடாரம் போடக் கூட்டிப்போகிறாராம். இருப்பதிலேயே பெரிய கத்தி வேண்டும் என்றார். பெரிய கத்தியில் விலையும் பாரமும்தான் பெரிது என்று தொடங்கி, என் விரிவுரை முழுவதையும் ஒப்புவித்தேன். குறுக்கே பேசாமல் கேட்டார். வகுப்பில் நானே அப்படிக் கேட்டதில்லை.

பிறகு, விலைச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, தான் இந்த நாட்டுக்கு வந்த கதையைச் சொன்னார். காசுக்கு ஆட்களை எல்லை தாண்டவைக்கும் ஏஜென்சிக்காரன், எந்த நாடென்றே சொல்லாத ஒரு காட்டில் இறக்கிவிட்டுப் போனானாம். பனி. முன்பின் தெரியாத ஏழெட்டுப் பேர். எல்லாருக்கும் சேர்த்து, தகரத்தில் அடைத்த மீன் ரின்கள் இருந்தன. திறக்க ஒருவரிடமும் ஒன்றும் இல்லை. கல்லில் குத்திக் குத்தி, மீனும் இரத்தமுமாகச் சாப்பிட்டார்களாம். எனக்குள் இருந்த வழக்காடுபவள் உடனே எழும்பினாள். "பாத்தீங்களோ அண்ணை, அண்டைக்கு ஒரு சின்னக் கத்தி இருந்திருந்தாலே காணும்!" சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவர் கோபிக்கவில்லை. ஏதாவது குறைக்க ஏலுமோ என்று மட்டும் கேட்டார். ஏலாது என்றதும் கார்டை எடுத்தார். "உங்கட நியாயம் முழுக்கச் சரி, தங்கச்சி. ஆனா எனக்குப் பெரிசைத் தாங்கோ."

விலை கேட்காத அக்கா

மூன்று மாதம் முடியும் வாரம். மழை, கடையில் கூட்டமில்லை. சுப்பர்மார்க்கெட் சீருடைக்கு மேலே ஜாக்கெட் போட்ட ஓர் அக்கா உள்ளே வந்தார். என் பெயர்ச்சீட்டைப் பார்த்துவிட்டுத் தமிழில், "தங்கச்சி, காட்டுக்குக் கொண்டுபோற கத்தி இருக்கோ?" என்றார். மூன்றை எடுத்து வைத்தேன். கிரகாம் சற்றுத் தள்ளி நின்று கயிறு அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு காது இந்தப் பக்கம்தான்.

அந்த அக்கா அலகைப் பார்க்கவில்லை. எது உறையிலிருந்து கெதியா, டக்கெண்டு வரும் என்று கேட்டார். விலை கூடியதைக் காட்டினேன். "ஓம், அது காணும்" என்று பேர்சைத் திறந்தார். அவ்வளவுதான். விலை என்ன என்று கேட்கவில்லை. குறைக்கச் சொல்லவில்லை. சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் ஆட்களில் ஒருவர், சுப்பர்மார்க்கெட்டில் நின்று உழைக்கிற காசில், விலை கேட்காமல் ஒரு சாமானை வாங்குவதை நான் அதுவரை கண்டதில்லை. இதைக் காசு வாங்கும் ரில்லில் அடித்தால் என் கணக்கு நிமிர்ந்துவிடும். அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரியாத மாதிரி எழுத விரும்பவில்லை.

"எந்தக் காட்டுக்கு, அக்கா?" என்று கேட்டேன். திறந்த பேர்சை மூடினார். "காட்டுக்கில்லை" என்றார்.

பிரிந்துபோன புருஷன். வேலை முடிந்து வரும்போது பஸ் நிறுத்தத்தில் நிற்கிறானாம். ஒன்றும் செய்வதில்லை, நிற்கிறான், பிறகு பின்னால் வருகிறான். தற்காப்புக்கு என்றால் விற்க ஏலாது என்பது விதி. விதி சரியென்றும் எனக்குத் தெரியும்: பையில் கத்தியோடு பிடிபட்டால் குற்றவாளி அந்த அக்காதான்; பறிகொடுத்தால் கத்தி அவன் கையில். ஆனால் சரியான விதியைச் சொல்லிவிட்டு, அடுத்த ஆளை வரச்சொல்வதா? பெண் எதை வாங்கக்கூடாது என்பதற்கு அலமாரி, பூட்டு, அறிவித்தல் பலகை எல்லாம் இருக்கின்றன. அவன் எங்கே நிற்கக்கூடாது என்பதற்கு ஒரு கயிறுகூடக் கட்டியிருப்பதாகத் தெரியவில்லை. வகுப்பில் என்றால் ஒரு மணித்தியாலம் பேசியிருப்பேன். "அப்ப நான் என்ன செய்யிறது?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

கத்திகளைப் பூட்டினேன். கிரகாமிடம் கவுண்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, சப்பாத்துப் போட்டுப் பார்க்கும் நீள வாங்கில் அந்த அக்காவோடு போய் உட்கார்ந்தேன். இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லையாம். பொலிசுக்கு அழைத்தோம், அவர் பேச, ஆங்கிலம் தடக்கிய இடங்களில் நான் பேசினேன். அழைப்பை எடுத்த பெண் அவசரப்படாமல் எல்லாம் கேட்டு, இனி அவன் நின்றால் உடனே அழைக்கும்படியும், நாளைக்கு ஓர் அதிகாரி வீட்டுக்கு வருவார் என்றும் சொன்னார். அது காணுமா என்று எனக்குத் தெரியாது. பிறகு அக்கா தன் தங்கைக்கு அழைத்தார்; தங்கை காரில் வந்து இறங்கி, வாசலிலேயே "ஏனக்கா எனக்குச் சொல்லேல்லை?" என்று கத்தி, அழுது, கட்டிப்பிடித்தார். வெளிக்கிடும்போது அக்கா திரும்பி என்னிடம் வந்தார். "கத்தியை விக்காமல் விட்டதுக்கு உங்களுக்குச் சம்பளம் வெட்டுவினமோ?"

தீர்ப்பு

அடுத்த நாள் கிரகாம் என்னைத் தேநீர் அறைக்குக் கூப்பிட்டார். என் பக்க நியாயங்களை இரவே ஒத்திகை பார்த்துவிட்டுப் போயிருந்தேன். அவற்றுக்கு இடமே தரவில்லை. விற்பனையில் நான்தான் கடைசி என்றார், மறுக்க முடியவில்லை. நேற்று அந்தப் பெண்ணைப் பற்றி எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். விலை கேட்கவில்லை, அதனால்தான் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. எங்கள் ஆட்கள் பேரம் பேசினால் நாளைக்கும் இருக்கப்போகிறோம், நாளைக்கும் காசு வேண்டும் என்று அர்த்தம்; விலையே பொருட்டில்லை என்றால் அந்த ஆளுக்கு நாளையைப் பற்றிய நினைப்பே இல்லை என்று அர்த்தம் என்று விளக்கினேன். அவர் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார்.

"நான் இவ்வளவு காலமும் விலை குறைக்கச் சொல்கிறவர்கள்மேல்தான் ஒரு கண் வைத்திருந்தேன்" என்றார். பிறகு, நிரந்தரமாக்க என் விற்பனை இடம்தராது, அனுப்பிவிடத் தனக்கு மனம் வராது, ஆகவே இன்னும் மூன்று மாதம் பார்ப்போம் என்று எழும்பினார். கதவடியில் நின்று சொன்னார்: "அலமாரிப் பூட்டின் திறப்பு இனி உன்னிடமே இருக்கட்டும். ஆனால் தயவுசெய்து, நிஜமாகவே காட்டுக்குப் போகிறவனுக்காவது ஏதாவது விற்றுத் தொலை."

ஆக, சக பாவப்பட்டவர்களே, கத்தி விற்கிறவளுக்கு இந்த ஊரில் கிடைக்கக்கூடிய ஆகப்பெரிய நம்பிக்கை, திறப்பைக் கையில் கொடுத்துவிட்டு வேலையைக் கொடுக்காமல் வைத்திருப்பதுதான்.