மாமரத்துக்கு இருபது நாள்

திருப்பதியில் ஒரு மொபைல் கேம் ஆபீசில் பதினோரு வருஷம் 'பேலன்சிங்' வேலை பார்த்தேன். விவசாய கேமில் எந்தப் பயிர் எத்தனை நாளில் விளையும் என்று நம்பர் போடும் வேலை. வைரம் செலவழித்தால் உடனே விளையும். வைரத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். வாங்காமலும் ஆடலாம், காத்திருந்தால் போதும். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, நான் செய்த ஒரு பாவத்தைக் கேளுங்கள்.

1. இருபது

என் நைனா எங்கள் ஊர் குடுபல்லியில் ஆயுசு முழுக்க அடுத்தவன் மாந்தோப்பில் கூலிக்குப் போனவர். மரத்திலிருந்து விழுந்து, இடுப்பு போய்ப் படுத்துவிட்டார். பொழுது போகட்டுமே என்று எங்கள் கேமை அவர் போனில் போட்டுக் கொடுத்தேன். ஒரு மாங்கன்று நட்டார். காய்க்க இருபது நாள்.

"வைரம் போட்டுத் தரட்டுமா நைனா?"

"எதுக்கு? மரம்னா நாளாவும். இது என்னுதும்மா, நானே பாத்துக்கினு இருக்கேன்."

சொந்தம் என்று அவருக்கு வாய்த்த ஒரே மரம் அது. தினமும் தண்ணீர் ஊற்றிவிட்டு எனக்குப் போன் பண்ணுவார்.

2. முப்பது

மேனேஜர் கூப்பிட்டார். "காத்துக்கினு இருக்கறவங்க காத்துக்கினேதான் கீறாங்க. எவனும் வைரம் வாங்கல. மாமரத்த முப்பதாக்கும்மா."

முப்பது போட்டேன். 'புதிதாக நடும் மரத்துக்கு மட்டும்' என்று டிக் பண்ண வேண்டும், மறந்துவிட்டேன். டெஸ்ட் ஐடியில் சரிபார்த்தேன். அதில் வைரத்துக்கு அளவே கிடையாது. ஒரு தட்டு, மரம் காய்த்துவிட்டது. ஓகே என்று அனுப்பினேன். அந்த ஆபீசில் நாங்கள் ஒருத்தரும் ஒரு நாள்கூடக் காத்திருந்து ஆடியதில்லை.

அன்றைக்கு நைனாவின் மரத்துக்குப் பத்தொன்பது நாள் முடிந்திருந்தது. சாயங்காலமே போன் வந்தது.

"நாளைக்குப் பறிக்கலாம்னு இருந்தேன். இன்னும் பதினோரு நாள்னு காட்டுதும்மா. கூலிக்குப் போன எடத்துல கூட மேஸ்திரி பாதியில நேரத்த மாத்தமாட்டான். எவன் பண்ண வேலை இது?"

போனை வைத்துவிட்டு மேனேஜரிடம் ஓடினேன். "சார், பழைய மரத்துக்கும் ஏறிடுச்சு. என் தப்புதான். திருப்பிடலாம்."

அவர் ஸ்கிரீனைக் காட்டினார். வைரம் விற்றுக்கொண்டிருந்தது. "நல்ல தப்புதான். அப்பிடியே உட்டுடு."

விட்டுவிட்டேன். வேலை போய்விடுமோ என்ற பயம், வேறென்ன?

3. பழம்

அந்த வாரமே ஊருக்குப் போய், "நான்தான் பண்ணேன் நைனா" என்றேன். போனைக் கவிழ்த்து வைத்தார். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

நம்பரை மாற்றுவதற்கு முன்னால், வைரம் இல்லாத ஐடியில் காத்திருந்து பாருங்கள். நான் பார்க்கவில்லை.

வேலையை விட்டபின், போன மாதம் அவர் போனில் கேமைத் திறந்தேன். மரம் காய்த்துக் குலுங்கி நின்றது. "பழுத்துருச்சு நைனா, பறி" என்று நீட்டினேன்.

அவர் கை நீட்டவில்லை.

"அது உங்க கம்பெனி தோப்பும்மா. கூலிக்கு ஆள் வச்சிப் பறிச்சிக்கச் சொல்லு."